சிராங்கூனில் மழை வருமா?

சிங்கப்பூரில் எந்தப் பேருந்து நிறுத்தத்துக்கும் அடுத்த வண்டி எப்போது வரும் என்ற தகவலை நிலப் போக்குவரத்து ஆணையம் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருக்கிறது. ‘டேட்டாமால்’ என்ற அதன் சேவையில் பதிவுசெய்து இலவசமாக ஒரு சாவி வாங்கிக்கொண்டால் எவருடைய நிரலும் அதைக் கேட்கலாம். வரும் பதில் மனிதர் வாசிப்பதற்காக எழுதப்பட்டதில்லை. வண்டியில் கூட்டம் எப்படி என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘எஸ்இஏ’ என்று மூன்றே எழுத்து இருக்கும். வண்டியின் வகை ‘டிடி’. இன்னொரு கட்டத்தில் வெறும் 1 அல்லது 0. எஸ்இஏ என்றால் உட்கார இடம் உண்டு; எஸ்டிஏ என்றால் நிற்க இடம் உண்டு; எல்எஸ்டி என்றால் நிற்பதற்கும் நெருக்கடி. டிடி என்பது மாடிப் பேருந்து. கடைசிக் கட்டத்தில் 1 இருந்தால், வண்டி இப்போது எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்து நேரம் கணிக்கப்பட்டிருக்கிறது. 0 இருந்தால் அட்டவணையைப் பார்த்துச் சொன்ன நேரம்.

இதையெல்லாம் விளக்கும் கையேடு ஒன்று உண்டு. நிரலாளர்கள் அதை ஒருமுறை படித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்களாக்கிச் செயலியில் வைத்தார்கள். நாம் நிறத்தைப் பார்த்துப் பேருந்து ஏறினோம். கையேடு ஒன்று இருந்ததே பயணிக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இப்போது அந்தக் கையேட்டைப் படிக்க வேறொரு வாசகர் வந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் சாட்பாட்டிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்றால், ஏஜென்ட் பதில் சொல்வதற்கு முன் வேலையும் செய்யும். பேருந்து நேரத்தை எடுத்துவரும், வரைபடத்தில் இடம் தேடும், வானிலையைப் பார்க்கும், இவற்றைச் சேர்த்துவைத்து ஒரு முடிவு சொல்லும். அந்த வேலைகளைச் செய்ய அதற்கு நாம் கொடுக்கும் சின்னச் சின்ன நிரல்களைத்தான் ‘கருவி’ என்கிறோம். நான் கருவிகளுக்குக் குறிப்பு எழுதுகிறவள். பகலில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் ஆவணங்கள் எழுதுவது என் தொழில். வார இறுதிகளில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, தமிழில் கேட்கும் தொழிலாளர்களுக்கும் முதியவர்களுக்கும் உதவுகிற ஓர் ஏஜென்டுக்காகக் கருவிகள் செய்கிறேன். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

கருவி என்றதும் பெரிய இயந்திரம் எதையும் நினைக்கவேண்டாம். ஒரு கருவிக்கு மூன்று பாகங்கள்: ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று சாதாரண வாக்கியங்களில் ஒரு விளக்கம், அதற்கு என்னென்ன விவரம் கொடுக்கவேண்டும் என்ற பட்டியல். மொழி மாதிரி எனப்படும் ஏஜென்டின் மூளை இவற்றை மட்டுமே பார்க்கிறது. உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. கருவியை இயக்குவதும் அது இல்லை. ‘இன்ன கருவியை, இன்ன விவரத்தோடு அழைக்கவேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும். வெளியே இருக்கும் நிரல் அதை இயக்கி, விடையை எழுத்தாகத் திருப்பித் தரும். அதைப் படித்துவிட்டு மாதிரி அடுத்து என்ன செய்வதென்று தீர்மானிக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனைக் கடையில் தனியாக விட்டுவிட்டுப் போகும் முதலாளி, கல்லாவில் ஒட்டிவைக்கும் துண்டுச்சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் இந்தக் கடையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சீட்டில் உள்ளது மட்டும்.

2023 ஜூனில் ஓபன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகளுக்கு இப்படிக் கருவியை அழைக்கும் வசதியைத் திறந்துவிட்டது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’, சுருக்கமாக எம்சிபி, என்ற பொது முறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே போட்டி நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. இன்று அந்த முறையில் ஒரு கருவியைச் செய்தால் பல ஏஜென்ட்கள் அதைப் பயன்படுத்தலாம். நிரல் எழுதும் பகுதி எளிதாகிவிட்டது. பேருந்து நேரத்தை எடுத்துத் தரும் நிரல் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளை ஒருத்தி அதை ஒரு மாலையில் எழுதிவிடுவாள். நேரம் பிடிப்பது விளக்கம்.

ஏன் என்பதற்கு மழையைச் சொல்கிறேன். சிங்கப்பூரின் வானிலை ஆய்வகம் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான முன்னறிவிப்பை, தீவை 47 பகுதிகளாகப் பிரித்துத் தருகிறது. அரசாங்கத்தின் திறந்த தரவுச் சேவை வழியாக எந்த நிரலும் அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த 47 பெயர்களில் லிட்டில் இந்தியா இல்லை. அங்குள்ள சந்தை வட்டாரமான தேக்காவும் இல்லை. ஆனால் ‘சிராங்கூன்’ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவர் “சிராங்கூன் ரோட்டுல மழை வருமா?” என்று கேட்டால், மொழி மாதிரி பட்டியலைப் பார்க்கும், சிராங்கூன் என்ற பெயரைக் காணும், அதன் முன்னறிவிப்பை உறுதியாகச் சொல்லும். அந்தச் சிராங்கூன், தேக்காவுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடியிருப்பு வட்டாரம். இங்கே கொட்டும் மழை அங்கே தூறலாகக்கூட இல்லாமல் போகலாம். இந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி; சிராங்கூன் சாலை தேக்காவில் தொடங்கி வடக்கே நீண்டு போகிறது என்பதைக் குழந்தைகூடச் சொல்லும். மாதிரிக்கும் எங்கோ படித்த நினைவு இருக்கலாம். ஆனால் கையில் இருக்கும் பட்டியலில் ஒரு பெயர் பொருந்தும்போது அது நின்று யோசிக்காது.

இதற்கு வழி இருக்கிறது. அந்தத் தரவிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் நில ஆணையத்தின் ‘ஒன்மேப்’ சேவை எந்த முகவரிக்கும் அதே விவரத்தைத் தரும். ஆகவே கருவி பகுதியின் பெயரைக் கேட்கவே கூடாது. இடத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு மிக அருகில் உள்ள பகுதியைத் தானே கண்டுபிடிக்கவேண்டும். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் நின்று கேட்டால் பட்டியலில் மிக அருகில் வருவது காலாங். எங்கள் வானிலைக் கருவியின் விளக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது: ‘இடத்தின் பெயரை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்காதே. முதலில் இடம் தேடும் கருவியால் இருப்பிடத்தை அறிந்துகொள். சிராங்கூன் சாலை என்பதும் சிராங்கூன் பகுதி என்பதும் வேறு வேறு.’ அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத நிரலறிவு தேவையில்லை. தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போய்வந்த பழக்கம் போதும்.

நிறுத்த எண்களிலும் ஊரறிவு வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் பேருந்து நிறுத்தங்களுக்கு ஐந்து இலக்க எண்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் கிராண்ட் பசிபிக் ஹோட்டல் நிறுத்தம் 01012. லிட்டில் இந்தியா வட்டாரத்திலும் பல எண்கள் 07 என்றுதான் தொடங்கும். கருவி ‘எண்’ கேட்டால் கணினி அதைக் கணக்குப் பாட எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள 0-வைத் தள்ளிவிடும். 01012 என்பது 1012 ஆகும். அப்படி ஒரு நிறுத்தமே இல்லை. அஞ்சல் குறியீட்டுக்கும் இதே கதை. 1995 முதல் இங்கே ஆறு இலக்கம், கட்டடத்துக்கு ஒன்று. தேக்கா நிலையம் புளோக் 665, அதன் குறியீடு 210665; வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் பெரும்பாலும் இப்படிக் கடைசி மூன்று இலக்கத்தில் புளோக் எண்ணே வந்து உட்கார்ந்திருக்கும். மரினா பே சேண்ட்ஸின் குறியீடு 018956. அந்த 0 போனால் இடமே போய்விடும். ‘எழுத்தாகக் கொடு, முன்னுள்ள 0-வை விடாதே’ என்று விளக்கத்தில் ஒரு வரி போதும். அதோடு, நாலு இலக்கம் வந்தால் கருவி மௌனமாகத் தோற்காமல் ‘நிறுத்த எண்ணுக்கு ஐந்து இலக்கம் வேண்டும், முன்னால் 0 விட்டுப்போயிற்றா பார்’ என்று திருப்பிச் சொல்லவேண்டும். பிழைச் செய்தியும் ஏஜென்ட் படிக்கும் ஆவணம்தான். நல்ல பிழைச் செய்தி கிடைத்தால் அது மறுமுறை சரியாக அழைக்கும். ‘பிழை 400’ என்று மட்டும் வந்தால் ஊகிக்கத் தொடங்கும்.

டேட்டாமாலிடம் நிறுத்தங்களின் முழுப் பட்டியலைக் கேட்டால் ஒரு தடவைக்கு 500 மட்டுமே வரும். தீவில் உள்ளவை 5,000-க்கும் மேல். மீதிக்கு 500, 1,000 என்று தள்ளித் தள்ளிக் கேட்கவேண்டும். கையேட்டில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. தெரியாமல் செய்த கருவியைத் தேக்காவில் நின்று சோதித்தால் குறையே தெரியாது, ஏனென்றால் 0-வில் தொடங்கும் நிறுத்தங்கள் முதல் கட்டிலேயே வந்துவிடும். ஜூரோங்கிலோ துவாஸிலோ இருப்பவர் கேட்கும்போதுதான் ‘அப்படி ஒரு நிறுத்தம் இல்லை’ என்று வரும். தொழிலாளர் விடுதிகளில் பல அந்தப் பக்கம்தான். யாருக்காகச் செய்கிறோமோ அவருக்கே கிடைக்காமல் போகும் கருவி அது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசிப் பேருந்து. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம், இந்த ஏஜென்ட் எதைச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று கேட்டேன். “அக்கா, வர்றதுக்கு ஒண்ணும் வேணாம். திரும்பிப் போறதுக்குத்தான். ஞாயித்துக்கெழம ஊருக்குப் பணம் அனுப்பிட்டு, சாமான் வாங்கிட்டு, கூட்டாளிகளப் பாத்துட்டு நிமிந்தா மணி பத்தரை. கடைசி பஸ்ஸ விட்டா டாக்ஸிதான். டாக்ஸிக் காசு ஒருநாள் சாப்பாட்டுக் காசு” என்றார்.

போக்குவரத்து ஆணையத்தின் தரவில் இதற்கு விடை இருக்கிறது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் வண்டி, கடைசி வண்டி நேரங்கள், வாரநாள், சனி, ஞாயிறு என்று மூன்று வகையாகக் கொடுத்திருக்கிறார்கள். நேரம் நான்கு இலக்கத்தில்: 2345 என்றால் இரவு பதினொன்றே முக்கால். நள்ளிரவைத் தாண்டி வரும் கடைசி வண்டிக்கு 0015 என்று இருக்கும். ஞாயிறு என்ற கட்டத்தில் 0015 இருந்தால், அந்த வண்டி காலண்டரில் திங்கள் பிறந்த பிறகு வருகிறது. மாதிரியிடம் இதை அப்படியே கொடுத்தால் 0015 என்பது பத்தரை மணியைக் குறிக்கும் 2230-ஐ விடச் சிறிய எண் என்று பார்த்து, ‘கடைசி வண்டி போய்விட்டது’ என்று சொல்ல வாய்ப்புண்டு. அதைக் கேட்டவர் டாக்ஸி பிடிப்பார். வண்டி ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து நிதானமாக வந்துபோகும்.

ஆகவே இந்தக் கணக்கை மாதிரியிடம் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாதிரிக்குச் சொந்தமாகக் கடிகாரமும் கிடையாது. இப்போது மணி என்ன என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. எங்கள் கருவி இப்போதைய நேரத்தைத் தானே பார்த்து, நள்ளிரவுக் கணக்கைத் தானே போட்டு, ‘கடைசி வண்டி இன்று இரவு 12.15-க்கு, இன்னும் 105 நிமிடம் இருக்கிறது’ என்று முழு வாக்கியமாகத் தருகிறது. குறியீடுகளும் எண்களும் நிறைந்த மூலத் தரவை அது மாதிரியின் கண்ணில் காட்டுவதே இல்லை. எஸ்இஏ என்பதற்குப் பதில் ‘உட்கார இடம் உண்டு’ என்றே போகிறது. 0 என்ற அடையாளம் இருந்தால் ‘இது அட்டவணை நேரம், வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை’ என்று சேர்த்து அனுப்புகிறோம்.

பொது விடுமுறை வந்தால் இன்னொரு சிக்கல். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. பொது விடுமுறை நாளில் பேருந்துகள் ஞாயிறு அட்டவணைப்படி ஓடும். கிழமையை மட்டும் பார்க்கும் கருவி அன்றைக்கு வாரநாள் நேரத்தைச் சொல்லும், அதுவும் தேக்காவில் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நாளில். மனிதவள அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் விடுமுறைப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகிறது; அதைக் கருவிக்குள் வைத்துவிட்டோம்.

பேருந்தே இல்லாத நேரத்தில் என்ன சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். சேவை முடிந்த பிறகு கேட்டால் மூலத் தரவு வெற்றாக வரும். வெற்றிடத்தை அப்படியே மாதிரியிடம் கொடுத்தால், உதவவேண்டும் என்ற அதன் பழக்கம் அதை எதையாவது சொல்லி நிரப்பத் தூண்டும். ‘இந்தத் தடத்தில் இப்போது வண்டி எதுவும் இல்லை. இது பிழையில்லை. நேரத்தை ஊகித்துச் சொல்லாதே’ என்று எழுதி அனுப்பவேண்டும். பதில் கிடைக்காததற்கும் பதில் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதிவைக்காத ஆவணத்தை நான் முடிந்த ஆவணமாக ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

எத்தனை கருவிகள் வேண்டும் என்று எங்களுக்குள் விவாதம் வந்தது. டேட்டாமாலில் போக்குவரத்து நெரிசல், டாக்ஸி இருப்பிடம், கார் நிறுத்துமிடம் என்று எவ்வளவோ இருக்கின்றன. எல்லாவற்றையும் கருவியாக்குவது கஷ்டமில்லை. ஆனால் ஒவ்வொரு கருவியின் விளக்கத்தையும் மாதிரி ஒவ்வொரு கேள்வியின்போதும் படித்தாகவேண்டும். நாற்பது கருவிகள் இருந்தால், ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டுக்கு நடுவில் அது தடுமாறும். நாங்கள் நான்கோடு நிறுத்திக்கொண்டோம்: இடம் தேடு, அடுத்த வண்டி, கடைசி வண்டி, மழை. பெயர்களிலும் அலங்காரம் இல்லை. கேட்கிறவர் வாயில் வரும் சொல்லே பெயர்.

இந்த நான்கும் பார்த்துச் சொல்லும் கருவிகள், எதையும் மாற்றாதவை. இது தற்செயல் இல்லை. 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஓர் ஏஜென்ட், எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தும், இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்ட செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ‘தொடாதே’ என்று விளக்கத்தில் எழுதுவதைவிட, தொட முடியாதபடி கருவியைச் செய்வதே பாதுகாப்பு. சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2026 ஜனவரி 22 அன்று ஏஜென்ட்களுக்கென்றே ஒரு வழிகாட்டிக் கட்டமைப்பை வெளியிட்டது. ஏஜென்டுக்கு எந்தெந்தக் கருவியைத் தருகிறோம், எவ்வளவு உரிமை தருகிறோம் என்பதற்கு முதலிலேயே எல்லை கட்டவேண்டும், பொறுப்பு மனிதரிடம் இருக்கவேண்டும் என்பவை அதன் அடிப்படைகளில் சில. பணம் அனுப்பும் கருவியும் சேர்க்கலாமே என்று யாராவது கேட்கும்போதெல்லாம் நான் மறுப்பதற்கு இதுதான் காரணம். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் தப்பான கணக்குக்குப் போனால் அதைத் திருப்பித் தர எங்களால் முடியாது.

விளக்கத்தை எழுதி முடித்ததும் சோதிக்கவேண்டும். அதற்குக் கேள்விகள் வேண்டும், அலுவலகத் தமிழில் இல்லாத கேள்விகள். புதுக்கோட்டைத் தம்பியிடம் நிறுத்தத்தின் பெயரைக் கேட்டேன். “நிறுத்தத்துக்கு யாரு அக்கா பேரு பாக்குறா? ‘முஸ்தபா பின்னாடி’, ‘காளியம்மன் கோயிலுக்கு எதுக்க’, ‘பெருமாள் கோயிலத் தாண்டி’. இப்படித்தான் சொல்லுவோம்” என்றார். அது எங்கள் இடம் தேடும் கருவியையே மாற்றியது. தேக்கா, டேக்கா, லிட்டில் இந்தியா, சிராங்கூன் ரோடு, எல்லாம் ஒரே இடத்தைக் குறிக்கக்கூடும் என்றும், ‘பெருமாள் கோயில்’ என்றால் 397 சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் என்றும், முஸ்தபா என்றால் சையது ஆல்வி சாலையில் உள்ள கடை என்றும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ‘எதிரே’ என்று சொன்னால் சாலையின் மறுபக்க நிறுத்தம், திசை மாறும், ஆகவே எங்கே போகவேண்டும் என்று ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்து என்பதும் அதில் உண்டு. ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய ‘சீ-லயன்’ போன்ற மாதிரிகள் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் கற்றிருக்கின்றன. அதனால் கேள்வி புரிகிறது. ஆனால் ‘முஸ்தபா பின்னாடி’ எந்த நிறுத்தம் என்பதை எந்த மாதிரியும் இந்த ஊர்க்காரர் எழுதித் தராமல் அறிய முடியாது.

என் தொழிலில் ஒரு மனக்குறை நெடுநாளாக உண்டு: நாங்கள் எழுதுவதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. இப்போது வரிக்கு வரி, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்கும் வாசகர் கிடைத்திருக்கிறது. நாம் விட்ட ஒரு வரி அடுத்த நிமிடமே ஒருவரை மழையில் நிறுத்தும். அதனால் முன்னெப்போதையும்விடக் கவனமாக எழுதுகிறேன். நிரல் தெரியாதவர்களையும் இந்த வேலைக்கு அழைக்கிறேன். பேருந்து ஓட்டுநர், பூக்கடைக்காரர், விடுதியில் பத்தாண்டு இருந்தவர், இவர்களுக்குத் தெரிந்ததுதான் எங்கள் விளக்கங்களில் குறைகிறது.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது தைப்பூசத்துக்கான குறிப்பு. தமிழ்நாட்டில் 2021 முதல் அன்று அரசு விடுமுறை. மலேசியாவிலும் பல மாநிலங்களில் விடுமுறை. மாதிரி படித்த எழுத்துகளில் இவையெல்லாம் நிறைந்திருக்கும். சிங்கப்பூரில் 1968 முதல் தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. வாரநாளில் வந்தால் பேருந்து வாரநாள் அட்டவணைப்படியே ஓடும், ஆனால் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை ஊர்வலம் போகும் வழியில் சாலைத் தடங்கள் மூடப்பட்டு, சில வண்டிகள் வேறு வழி போகும். எந்தத் தடம், எத்தனை மணி முதல் என்பது அந்தந்த ஆண்டின் அறிவிப்பில்தான் வரும். இதுவரை எழுதியிருக்கும் வரிகள்: ‘தைப்பூசத்தன்று விடுமுறை அட்டவணையைப் பயன்படுத்தாதே. சிராங்கூன் சாலை நிறுத்தங்களைக் கேட்டால், ஊர்வலத்தால் வண்டி வராமல் போகலாம் என்று முதலில் சொல். பக்கத்தில் உள்ள எம்ஆர்டி நிலையத்தையும் சேர்த்துச் சொல்.’ காவடி முடிந்து அதிகாலையில் திரும்பும் குடும்பங்கள் எந்த நிறுத்தத்தில் நிற்பார்கள் என்பதை, ஆண்டுதோறும் பால்குடம் எடுக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு தேக்காவில் சந்தித்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.